அல்லித் தொட்டியில் இரண்டு பச்சை

"நாலு மணிக்குக் கோர்ட்டுக்குக் கொண்டுபோறாங்களாமுங்க. அங்கிருந்து நேராக் கோயமுத்தூர் ஜெயிலாம். அதுக்குள்ள எதாச்சும் பண்ணுங்க சாமி!"

படியேறி வந்த பெண்ணுக்கு மூச்சு வாங்கியது. முப்பது வயதிருக்கும். முந்தானை முழுக்கப் புழுதி. நாற்காலியைக் காட்டியும் அவள் உட்காரவில்லை. விட்டால் விழுந்துவிடுவாள் போல, மேஜை விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

துப்பறிவாளர் திருமூர்த்தி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றேகால். கீழே நூல் கடையில் மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது. 1964-ஆம் வருஷத்துப் பங்குனி வெயில் ஜன்னல் கம்பிகளைக் காய்ச்சிக்கொண்டிருந்தது.

"யாரைக் கொண்டுபோறாங்க?"

"என்ற ஊட்டுக்காரரைங்க. சுப்பையன். என்ற பேரு முத்தாத்தா. பனியன் கம்பெனி ஞானசம்பந்த முதலியார் பங்களாவுல அவரு தோட்டக்காரருங்க. மொதலாளியம்மாவுக்கு வெஷம் வெச்சுட்டாருன்னு நேத்து சாயங்காலம் புடிச்சுட்டுப் போயிட்டாங்க. அந்தம்மா ஆஸ்பத்திரியில கண்ணு முழிக்காமக் கெடக்கறாங்க. அவங்க செத்துட்டா இவரைத் தூக்குல போட்டுருவாங்கன்னு ஏட்டய்யா சொல்றாருங்க."



டைப்ரைட்டருக்குப் பின்னாலிருந்து நல்லம்மாள் எழுந்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பத்து வருஷம் ஊர் ரகசியங்களைக் காதால் கேட்டுவிட்டு, இனி வாயாலும் பேசலாம் என்று திருமூர்த்தியிடம் உதவியாளராகச் சேர்ந்தவள்.

"சார், நாலு மணிக்கு இன்னும் நாலே முக்கால் மணி நேரம் இருக்குதுங்க. உங்க லாம்பிரட்டா ஸ்கூட்டர் கெளம்பறதுக்கே அதுல அரை மணி போயிரும். எந்திரிங்க."

ஸ்டேஷன் வாசலில் ஒரு வேப்பமரம் இருந்தது. முத்தாத்தாளை அதன் நிழலில் உட்கார வைத்துவிட்டு இருவரும் உள்ளே போனார்கள்.

இன்ஸ்பெக்டர் தண்டாயுதபாணி கெட்டவர் அல்ல. ஒரு கணக்கு ஒரு தடவை சரியாக வந்துவிட்டால் அதை இரண்டாம் தடவை போட்டுப் பார்க்காதவர், அவ்வளவுதான்.

"கேஸ் முடிஞ்சுபோச்சு திருமூர்த்தி. நேத்துக் காலையில எட்டு மணிக்கு ஜானகியம்மா வாந்தி எடுத்தாங்க. வாந்தி நீலப் பச்சையா இருந்துச்சாம். மயில்துத்தம்னு டாக்டர் சொல்லிட்டாரு. செவ்வாய்க்கிழமைதான் இவன் கால் கிலோ மயில்துத்தம் வாங்கியிருக்கான். தோட்டத்து அல்லித் தொட்டியில பாசி புடிச்சுப்போச்சு, அதைக் கொல்லறதுக்குன்னு மொதலாளியே சீட்டு எழுதிக் குடுத்திருக்காரு. இப்பப் பொட்டலம் காலி. எங்கடான்னு கேட்டா, மொத்தத்தையும் தொட்டியில போட்டுட்டேங்கறான்."

"போட்டிருக்கலாம் இல்லீங்களா?"

"போட்டா பாசி சாகோணுமா வேண்டாமா? ரெண்டு நாளாச்சு. தொட்டி பச்சைப் பசேல்னு கெடக்குது! நேத்துச் சாயங்காலம் நானே அவனைத் தொட்டிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டினேன். அதுவரைக்கும் வாய் ஓயாம 'தொட்டியிலதான் போட்டேன், தொட்டியிலதான் போட்டேன்'னு கத்திட்டிருந்தவன், தண்ணியைப் பாத்தான், கப்புனு வாயை மூடிட்டான். இன்னைக்குக் காலையில 'நாந்தான் வெச்சேன்'னு கைநாட்டும் வெச்சுட்டான்."

"காரணம்?"

"போன மாசம் ஜானகியம்மா இவன் பொண்டாட்டியைப் பாத்திரம் கழுவற வேலையில இருந்து நிறுத்திட்டாங்க. வஞ்சம்."

லாக்கப்பின் மூலையில் சுப்பையன் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பாதங்கள் வீங்கியிருந்தன. திருமூர்த்தி கம்பியருகே குனிந்தார்.

"சுப்பையா, தொட்டியில அப்படி என்னத்தைப் பாத்தே?"

சுப்பையன் முழங்காலை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"பாத்த உடனே ஏன் பேச்சு நின்னுபோச்சு?"

"நாந்தானுங்க பண்ணினேன். அதையே எழுதிக்குங்க." அவன் தலை நிமிரவில்லை. பிறகு, "அவ ஊட்டுக்குப் போயிட்டாளுங்களா?" என்று கேட்டான்.

"வாசல்லதான் இருக்கா."

"போகச் சொல்லுங்க. இந்தப் பக்கமே வர வேண்டாமுன்னு சொல்லுங்க."

வெளியே வரும்போது நல்லம்மாள் முணுமுணுத்தாள். "கொலை பண்ணினவன் வக்கீலைக் கேப்பான். இவன் பொண்டாட்டியை ஊட்டுக்கு அனுப்பறான். என்னங்க சார் இது?"

"பொய் சொன்னவன் மாட்டிக்கிட்டா இன்னொரு பொய் சொல்லுவான் நல்லம்மா. இவன் தண்ணியைப் பாத்துட்டு ஊமையாயிட்டான். அந்தத் தண்ணியை நாமும் பாக்கோணும்."

பங்களா அவிநாசி ரோட்டில் இருந்தது. முன்கேட்டில் முதலியாரே நின்றிருந்தார், ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வந்தவர். சவரம் செய்யாத முகம். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"அந்த நாயிக்காகவா வந்தீங்க? போங்க வெளியே! என்ற சம்சாரம் அங்க..." அவர் கேட்டை இழுத்துச் சாத்தினார்.

நல்லம்மாள் ஒரு எட்டு முன்னால் போனாள். குரலைத் தாழ்த்தினாள். "அவனே பண்ணியிருந்தா ஒண்ணும் இல்லீங்க, உள்ள இருக்கறான். அவன் பண்ணலீன்னா, வெஷம் இன்னும் உங்க சமையல்கட்டுலதானுங்க இருக்குது. மதியச் சோறு இன்னும் சாப்பிடலீங்களே?"

முதலியாரின் முகம் வெளுத்தது. கேட் திறந்தது.

அல்லித் தொட்டி பின்பக்கத் தோட்டத்தில், வாழை வரிசைக்கு முன்னால் இருந்தது. பன்னிரண்டடி நீளம், எட்டடி அகலம், உள்ளே இறங்க மூன்று சிமெண்டுப் படிகள். தண்ணீருக்கு அடியில் நாலு மண் தொட்டிகளில் அல்லிக் கிழங்குகளை நட்டு, மண் கரையாமலிருக்க மேலே மணல் பரப்பியிருந்தது. சுவர் ஓரத்தில் பழுத்த இலையை அறுக்கும் கொக்கி, படி தேய்க்கும் தேங்காய் நார், நீளக் காம்பு வைத்த வலை. பொறுப்பான ஆளின் சாமான்கள். ஆனால் தண்ணீர் தெரியவில்லை. இந்தக் கரை முதல் அந்தக் கரை வரை பச்சை மூடிக் கிடந்தது.

"இன்ஸ்பெக்டர் சொன்னது நெசந்தானுங்க சார். இதுல துத்தம் போட்டிருந்தா, துத்தத்துக்குத்தான் வெக்கமா இருக்கோணும்."

திருமூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்தார். வலைக் காம்பால் பச்சையை ஒதுக்கினார். அடியில் தண்ணீர் தெளிவாக இருந்தது. அடிமணலை எண்ணிவிடலாம் போலத் தெளிவு!

"கையை உள்ள விட்டு அந்த ரெண்டாவது படியைத் தடவு."

நல்லம்மாள் தடவினாள். படியில் வழவழவென்று பிடித்திருக்க வேண்டிய பாசி, அடுப்புச் சாம்பல் மாதிரி விரலோடு வந்தது. நிறமும் சாம்பல்.

"செத்துப்போச்சுங்க."

"அல்லி இலையோட ஓரத்தைப் பாரு."

ஓரமெல்லாம் தீயில் வாட்டியது போலக் கருகியிருந்தது. அடிமணலில் நத்தைகள் வாயைத் திறந்தபடி கிடந்தன. ஒன்றும் நகரவில்லை.

"கீழே இருக்கற பாசி செத்திருக்குது. நத்தை செத்திருக்குது. மேல மட்டும் பச்சை உயிரோட மிதக்குது. எப்படி?"

"மேல இருக்கறது வெருந்தாளிங்களா?"

"விருந்தாளிதான். நேத்து வந்த விருந்தாளி. இன்ஸ்பெக்டருக்குப் பச்சையா மிதந்தா எல்லாமே பாசி. இதைப் பாரு." ஒரு கொத்தைத் தூக்கினார். சின்ன முட்டைக்கோஸ் போல இதழ் இதழாக விரிந்த செடி, கீழே தாடி மாதிரி வேர். "ஆகாயத்தாமரை. இது குட்டை குளத்துல வளர்றது. அல்லி வளர்க்கறவன் எவனும் இதைத் தொட்டியில விடமாட்டான். ஒரு மாசத்துல எல்லாத்தையும் மூடி அல்லியை மூச்சு முட்ட வெச்சிரும். வேர் நுனி இப்பத்தான் கருக ஆரம்பிச்சிருக்குது. துத்தம் போட்ட தண்ணிக்குள்ள இதை யாரோ வேணும்னே கொண்டுவந்து கொட்டியிருக்காங்க."

"சுப்பையனைப் பொய்யனாக்கறதுக்கு!" நல்லம்மாளின் கண்கள் விரிந்தன. "அட பாவிகளா. யாருங்க சார்?"

"எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா யாருன்னு தெரியும்."

நல்லம்மாள் வேர்த் தாடியை விரலால் பிரித்தாள். உள்ளே ஏதோ மின்னியது. சுருள் சுருளாக, மயிரிழை பருமனில், மஞ்சளாக.

"தங்கமுங்க சார்! வேலையை விட்டுட்டு ஆகாயத்தாமரை வளக்கலாம்."

"பித்தளைச் சீவல். பாத்திரம் கடையும்போது உதிர்றது. இந்த ஊர்ல ஆகாயத்தாமரையும் பித்தளைச் சீவலும் ஒரே குட்டையில எங்க இருக்கும்?"

"அனுப்பர்பாளையம். பாத்திரப் பட்டறை ஊராச்சுங்களே" என்றாள் நல்லம்மாள். மணி ஒன்றரை.

லாம்பிரட்டா வழியில் ஒரு தடவை நின்றது. பட்டறைகளின் சுத்தியல் சத்தம் காதை அடைக்கும் சந்துகளில், குட்டை குட்டையாகத் தேடியதில் முக்கால் மணி நேரம் கரைந்தது. கடைசியில் ஒரு கடைசல் பட்டறையின் பின்புறம் அது இருந்தது. பட்டறைத் தண்ணீர் தேங்கிய குட்டை. அது நிறைய ஆகாயத்தாமரை. ஒரு மூலையில் மட்டும் யாரோ வாரி எடுத்த வெற்றிடம், பாய் அளவுக்கு.

கரையில் கரிப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த பெண்ணின் பெயர் செல்லாத்தாள். நல்லம்மாள் அவள் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"ஏனுங்க அக்கா, இந்த மூலையில இருந்த செடியை ஆராச்சும் அள்ளிட்டுப் போனாங்களா?"

"ஆமாங்க. நேத்து விடியக்காலம். மூணு கூடை. எருவுக்கான்னு கேட்டேன், தலையை ஆட்டிட்டுப் போனா."

"போனாளா? பொம்பளையா?"

"நம்ம முத்தாத்தாதானுங்க. தோட்டக்காரர் சுப்பையன் ஊட்டுக்காரி. அதா, அந்த ஓலை ஊடுதான் அவுங்களுது."

சுத்தியல்கள் ஓங்கி அடித்துக்கொண்டிருந்தன. நல்லம்மாள் திருமூர்த்தியைத் திரும்பிப் பார்த்தாள்.

"சார், நம்மளைக் கூட்டிட்டு வந்ததே அவதானுங்களே."

"வண்டியில ஏறு" என்றார் திருமூர்த்தி. மணி இரண்டே முக்கால்.

வேப்பமரத்தடியில் முத்தாத்தாள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நல்லம்மாள் வாங்கிக் கொடுத்திருந்த டீ பக்கத்தில் ஆடை படிந்து ஆறியிருந்தது. இவர்களைக் கண்டதும் எழுந்தாள்.

திருமூர்த்தி ஒரு கொத்து ஆகாயத்தாமரையை அவள் முன்னால் நீட்டினார்.

"இதை ஏம்மா தொட்டியில கொட்டினே?"

அவள் ஓர் அடி பின்னால் போனாள். மரத்தில் முதுகு இடித்தது.

"மொதலாளிக்குத் தெரிஞ்சுபோச்சுங்களா?"

"என்ன தெரியோணும்?"

"மீனுங்க." அவள் அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். "மெட்ராஸ்ல இருந்து வாங்கியாந்த தங்கமீனுங்க, முப்பத்தொண்ணு. இவரு எப்பவும் துத்தத்தை ஒரு துணியில துளியூண்டு முடிஞ்சு, தண்ணியில ரெண்டு சுத்து இழுத்துட்டு எடுத்துருவாருங்க. இந்த வாட்டி, வெள்ளிக்கிழமை மகனுக்குப் பொண்ணு ஊட்டுக்காரங்க வர்றாங்க, அதுக்குள்ள தண்ணி கண்ணாடியா இருக்கோணும், இல்லீன்னா நீயும் உன்ற பொண்டாட்டி பின்னாலயே போயிருன்னு மொதலாளி சத்தம் போட்டாருங்க. பயத்துல பொட்டலத்தையே கொட்டிப்புட்டாரு. புதங்கெழமை மத்தியானம் மீனெல்லாம் மல்லாந்துபோச்சு. ஆருக்கும் தெரியாம வாழைக்கடியில பொதைச்சுட்டு வந்து, சோறு திங்காம உக்காந்திருந்தாருங்க. எனக்குத்தான் வேலை போச்சு, அவருக்கும் போயிட்டா நாங்க என்ன பண்றது? மேல பச்சையாக் கெடந்தா, அடியில மீன் இல்லீன்னு ஆருக்குத் தெரியும்? அவருகிட்டச் சொல்லாம நானே விடியக்காலம் அள்ளியாந்து பின்கேட்டு வழியாக் கொட்டிட்டு வந்தனுங்க."

"இதை ஏன் போலீசுல சொல்லலை?"

"வெஷம் வெச்சான்னு புடிச்சு வெச்சிருக்காங்க. மீனையும் கொன்னுட்டாருன்னு சொன்னா இன்னும் ரெண்டு வருசம் சேத்துப் போட்டுருவாங்கன்னு பயந்துட்டனுங்க."

திருமூர்த்தி அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார். மெதுவாகச் சொன்னார். "முத்தாத்தா, தொட்டி பச்சையா இருந்துச்சுன்னுதான் உன்ற புருசனைப் புடிச்சாங்க. துத்தம் தொட்டிக்குப் போகலை, அம்மா வயித்துக்குத்தான் போச்சுன்னு. அந்தப் பச்சைதான் அவங்க கையில இருக்கற சாட்சி."

அவளுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. பிறகு இரண்டு கைகளையும் தன் முகத்துக்கு முன்னால் விரித்துப் பார்த்தாள், அவை யாருடையவோ என்பது போல. அந்தக் கைகளாலேயே தலையில் அடித்துக்கொள்ளத் தொடங்கினாள். நல்லம்மாள் பாய்ந்து அவற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"அழுவறதுக்கு அப்புறம் நேரம் இருக்குது கண்ணு. இப்ப எனக்கு ஒண்ணு சொல்லு. துத்தம் அத்தனையும் தொட்டிக்குப் போயிருச்சு. அப்ப அந்தம்மா வயித்துல என்ன போச்சு? நேத்துக் காலையில அவங்க மட்டும் எதைச் சாப்பிட்டிருப்பாங்க? அந்தச் சமையல்கட்டு உனக்குத் தெரியுமில்ல?"

முத்தாத்தாள் விக்கலுக்கிடையே யோசித்தாள். "புதங்கெழமை கிருத்திகைங்க. அம்மா பூரா நாளும் வெரதம். சாயங்காலமே எலுமிச்சம்பழம் புழிஞ்சு பானகம் கரைச்சு முருகனுக்கு முன்னால வெச்சுருவாங்க. விடிஞ்சு குளிச்சுட்டு அதைத்தான் மொதல்ல குடிப்பாங்க. மொதலாளிக்குச் சக்கரை வியாதி, தொட மாட்டாரு. மகன் கம்பெனியில..."

"எந்தப் பாத்திரத்துல கரைப்பாங்க?"

"வெண்கலச் சட்டியிலதானுங்க. பக்கத்துலயே அதே அளவுல ஒரு பித்தளைப் போசி இருக்குது. ஆனா அதுல ஈயம் பூராத் தேஞ்சுபோச்சு. புளிப்பு ஊத்துனாக் களிம்பு ஏறிக்கும்னு அதை நான் தனியாக் கவுத்து..." அவள் நிறுத்தினாள். வாய் திறந்தபடியே இருந்தது. "என்ற எடத்துல பாத்திரம் எடுத்து வெக்கப் புதுசா வந்தவளுக்கு அது தெரியாதுங்களே."

நல்லம்மாள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் முதலில் மறுத்தார். ஜீப் வாசலில் தயாராக நின்றது. ரிமாண்ட் காகிதங்கள் கையில் இருந்தன.

"பதினஞ்சு நிமிஷம்" என்றார் திருமூர்த்தி. "கோர்ட்டுக்குப் போற வழியில பங்களா. வாழைக்கடியில ஒரு மம்பட்டி போடுங்க. மீன் இல்லீன்னா நானே உங்க ஜீப்பைத் தள்ளிவிடறேன்."

மூன்றரை மணிக்குக் கான்ஸ்டபிள் மூன்றாவது வாழையின் கீழே மண்ணைத் தள்ளினார். நாற்றம் முதலில் வந்தது. பிறகு தங்க நிறத்தில் செதில்கள். இன்ஸ்பெக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு எண்ணச் சொன்னார். முப்பத்தொன்று.

சமையலறைப் பக்கமிருந்து நல்லம்மாள் ஒரு போசியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். "பூசையறையைப் பூட்டிட்டு எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடிட்டாங்க. கழுவாம அப்படியே இருந்துச்சு. மொதலாளிகிட்டச் சாவி வாங்கி எடுத்தேன். ஆரும் மோந்துகூடப் பாத்துராதீங்க."

போசிக்குள் ஈயம் திட்டுத் திட்டாகத்தான் மிச்சமிருந்தது. அடியில் அரை ஆழாக்குப் பானகம். அதைச் சுற்றி, பித்தளையில், மயில் கழுத்து நிறத்தில் ஒரு வளையம். "துத்தமும் செம்பு, பித்தளைக் களிம்பும் செம்புதான். வயித்துக்குப் போனா வாந்தி ஒரே நிறம்" என்றார் திருமூர்த்தி.

முதலியார் அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வாழைக்கடியில் கிடந்த மீன்களைப் பார்த்தார். "நாந்தான் அவனை வெரட்டினேன்" என்றார், யாரிடம் என்றில்லாமல்.

இன்ஸ்பெக்டர் ரிமாண்ட் காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்தார். "கைநாட்டு வெச்ச வாக்குமூலத்தைக் கிழிக்க முடியாது திருமூர்த்தி. ஆனா அதுக்கு மேல இன்னொண்ணு எழுதலாம்" என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யப் போனார். டாக்டர் போசியை உடனே அனுப்பச் சொன்னார். அது போய்ச் சேர்வதற்குள்ளேயே ஜானகியம்மாள் கண் திறந்து தண்ணீர் கேட்டிருந்தாள்.

ஐந்தரை மணிக்குச் சுப்பையனை வெளியே விட்டார்கள். வீங்கிய காலைத் தரையில் ஊன்ற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். முத்தாத்தாள் படிக்குக் கீழே நின்றாள். ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

திருமூர்த்திக்கு ஒரு கேள்வி பாக்கி இருந்தது. "நீ எதுக்கு ஒத்துக்கிட்டே சுப்பையா? அடி தாங்காமலா?"

"அடிக்கு ஒத்துக்கலீங்க." அவன் தரையைப் பார்த்தான். "தொட்டியில ஆகாயத்தாமரை கெடந்துதுங்க. வேருல சீவல் மின்னுச்சு. எங்க ஊட்டுக்குப் பின்னால இருக்கற குட்டைதான்னு பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு. அப்ப இவ விடியக்காலம் அந்த ஊட்டுக்குள்ள போயிருக்கா. எனக்குச் சொல்லாமப் போயிருக்கா. வேலையை உட்டு நிறுத்தினதுல இருந்து மனசு வெந்துட்டிருந்தா. அந்தக் கோவத்துல எதையோ..."

 

முத்தாத்தாள் படியேறி அவன் எதிரே வந்து நின்றாள்.

"நான் வெஷம் வெச்சேன்னு நெனச்சீங்களா?"

"ஆமா" என்றான் சுப்பையன்.

"அப்படி நெனச்சுட்டா கைநாட்டு வெச்சீங்க?"

"ஆமா."

நல்லம்மாள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். திருமூர்த்தி வேண்டாமென்று கையைக் காட்டினார்.

முத்தாத்தாள் வெகு நேரம் அவனைப் பார்த்தாள். அவள் கண்ணில் இருந்தது கோபமா, அழுகையா என்று இரண்டு துப்பறிவாளர்களுக்கும் தெரியவில்லை. பிறகு அவன் கையைச் சுவரிலிருந்து பிரித்து எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். அவனுடைய பாரம் முழுவதும் அவள் மேல் இறங்கியது. அவள் கால்களை அகல ஊன்றி அதைத் தாங்கிக்கொண்டாள்.

"பாத்து எறங்குங்க. மூணு படி" என்றாள்.